ஜோசபினின் முதலாம் ஆண்டு நினைவு நாள்

ஜோசபின் செத்துப்போன சேதியை ஜோசபினிடமே சொன்னவள் நான்தான்.

என் தம்பி தினேஷின் குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள் என்று பெங்களூருக்கு வெளியே இருக்கும் சந்தாபுராவுக்குப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோவுக்காக நின்றேன். எதிரே சர்ச் காம்பவுண்டுச் சுவரில் ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கியது. நம் ஆட்களுக்குத்தான் ஃப்ளெக்ஸ் கட்டாமல் காது குத்தும் கிடையாது, கருமாதியும் கிடையாதே. யார் பாவம் போய்ச் சேர்ந்தது என்று சும்மா பார்த்தேன். ஜோசபின் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மேலே இரண்டு புறா, பக்கத்துக்கு ஒரு மெழுகுவத்தி, நடுவில் அவள் முகம். 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. இறைவனில் இளைப்பாறிய என் அன்பு மனைவி ஜோசபின்.' பிறந்த தேதி, இறந்த தேதி எல்லாம் பொன் எழுத்தில் போட்டிருந்தது. கீழே, 'ஆறாத் துயரத்துடன் கணவர் ஃபிராங்க்ளின்.' அன்று காலையில்தான் சட்னியில் உப்பு போட்டாயா இல்லையா என்று என்னோடு மல்லுக்கு நின்றவள் அவள். இவர்கள் போட்டிருக்கும் சாவுத் தேதியில் அவள் என் பக்கத்தில் நின்று பூரி பொரித்துக்கொண்டிருந்திருப்பாள்.

போனில் படம் பிடித்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி மனைவி சௌம்யாவிடம் நைசாகக் கேட்டேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ஐயோ அண்ணி, அந்த மாதிரி ஒரு மனுஷன் கிடைக்கணுமே! பொண்டாட்டிக்குக் கேன்சராம். பெத்த தாய் மாதிரி பாத்துக்கிட்டாராம். முடி கொட்டினப்ப தலைக்குத் துணி கட்டிவிட்டு, ஸ்பூன்ல கஞ்சி ஊட்டிவிட்டு... சொல்றப்பவே அழுதுடுவாரு. கொழந்த குட்டியும் கிடையாது. மாசா மாசம் அந்தம்மா பேருக்குப் பூசை வைக்கிறாரு. பக்கத்து வீட்டு கில்பர்ட் அண்ணன் இதெல்லாம் பாத்துட்டுத்தான் பொண்ணைக் குடுக்கறாரு. ரூபினின்னு, தங்கமான பொண்ணு. ஞாயித்துக்கிழமை வருஷ நினைவு முடிஞ்சா அடுத்த ஞாயிறு நிச்சயதார்த்தம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கேசரியைக் கிண்ணத்தோடு விட்டெறியலாம் போலிருந்தது. பச்சைக் குழந்தை வீடு என்று அடக்கிக்கொண்டேன்.

அந்தத் தங்கமான மனுஷனை எனக்குத் தெரியும். பெங்களூர் அடுகோடியில் ஒரே காம்பவுண்டில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள்.

ஜோசபின் கோலார் தங்கவயலில் பிறந்தவள். அப்பா பீட்டர் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கத்தை இழுத்து மூடியபோது ஊரே நடுத்தெருவுக்கு வந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாரும் பெங்களூர் மாப்பிள்ளை என்றால் போதும் என்று நின்றார்கள். அப்போது வந்தவன்தான் ஃபிராங்க்ளின். அவனும் தங்கவயல்காரன்தான், பெங்களூரில் எலக்ட்ரிக் கடையில் வேலை. பார்க்கச் சுமார். ஆனால் குரல் இருக்கிறதே, அது வெண்கலம். சர்ச்சில் மைக் முன்னால் நின்று வேதாகமம் வாசித்தால் கிழடு கட்டைகள் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் பீட்டர் பெண்ணைக் கொடுத்தார். வீட்டுக்குள் அந்தக் குரல் எப்படி இருந்தது என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த என்னைக் கேட்டால் சொல்லியிருப்பேன்.

குழம்பில் காரம் என்றால் ஓர் அடி. கதவு திறக்க நேரமானால் ஓர் அடி. ஜோசபினின் அம்மா கேன்சரில் படுத்தபோது, "உங்கம்மாவை இங்க இட்டாந்தா உன்னையும் சேத்து வெளிய தள்ளிடுவேன்" என்றான். அவள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்து அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலைக்குத் துணி கட்டியதும் ஸ்பூனில் கஞ்சி ஊட்டியதும் அவள்தான். அந்தப் பக்கம் அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடக்கத்தன்று மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து மைக்கைப் பிடித்தான், கட்டையில போறவன்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. அவன் கூட்டாளி வின்சென்ட் வீட்டுக்கு வந்திருந்தான். ஏதோ ஜோக்கு சொன்னான். ஜோசபின் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். வின்சென்ட் கேட்டைத் தாண்டினானோ இல்லையோ, பளார் என்று ஒரு சத்தம். சுவர் தாண்டி எனக்குக் கேட்டது. நான் தண்ணீர்க் குடத்தால் அவர்கள் கதவை இடித்தேன். திறந்தபோது அவள் இடது காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள், விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். அவனும் குழந்தை ஆஷாவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டான். என்ன ஆச்சு என்று டாக்டர் கேட்க, இவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்: "பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டா டாக்டர்." குழந்தை அவன் கையில் இருந்தது. ஜோசபின் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. காது ஜவ்வு கிழிந்துவிட்டது, இனி அந்தக் காது கேட்காது என்றார்கள்.

அதோடு அவள் பயமும் போய்விட்டது. அடுத்த தடவை அவன் கை ஓங்கியபோது, அடுப்பிலிருந்து கொதிக்கிற கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். "தொடு பாக்கலாம்" என்றாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அவன் கை அந்தரத்திலேயே நின்றது. அடிக்கு அழுகிற பெண்டாட்டியோடு குடும்பம் நடத்தத் தெரிந்தவனுக்கு, நிமிர்ந்து நிற்பவளோடு ஒரு மாதம்கூடக் குப்பை கொட்டத் தெரியவில்லை. ஒரு நாள் துணிமணியைச் சுருட்டிக்கொண்டு போனான். போனவன் போனவன்தான். சனியன் தொலைந்தது என்று ஜோசபின் வீட்டைக் கழுவிவிட்டாள்.

பிறகு நான் வேலை பார்த்த பி.ஜி.யில் அவளைச் சமையலுக்குச் சேர்த்துவிட்டேன். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் தங்குகிற விடுதிதான் பி.ஜி., அடுகோடியில் சந்துக்குச் சந்து உண்டு. அவள் அடுப்பைப் பார்ப்பாள், நான் ரூம்களைப் பார்ப்பேன். நான் எப்போதும் அவளுக்கு வலது பக்கம்தான் நிற்பேன், அந்தக் காதுதான் கேட்கும். அந்த அடுப்படியில் நின்றேதான் ஆஷாவைப் படிக்க வைத்தாள். ஆஷா இப்போது வைட்ஃபீல்டில் ஆபீஸ் வேலைக்குப் போகிறாள், வாசலுக்குக் கேப் வருகிறது.

இப்படிப்பட்டவளைத்தான் அந்தப் பாவி ஒரு வருஷமாகச் சாகடித்து வைத்திருந்தான்.

மறுநாள் காலை அவள் உப்புமா கிளறிக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஜோசி, நீ செத்துட்டடி."

"உப்புமாவை இறக்கி வச்சிட்டுச் சாகறேன், சந்திராக்கா. அந்தத் தட்டை எடு."

போனை அவள் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். கரண்டியை விடாமலே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், அப்படி ஒரு சிரிப்பு.

"பொறந்த தேதியைக் கரெக்டா போட்டுக்கிறான் பாருக்கா! கூட இருந்த காலத்துல ஒரு பொறந்த நாளுக்காவது ஞாபகம் வந்துச்சா இவனுக்கு? செத்தப்புறம் வந்துட்டுது!"

சௌம்யா சொன்னதையெல்லாம் சொன்னேன். தலைக்குத் துணி கட்டியது, ஸ்பூனில் கஞ்சி ஊட்டியது என்று சொன்னபோது சிரிப்பு நின்றது.

"அது எங்கம்மாவுக்கு நான் செஞ்சது."

"ஆமா. அதைத்தான் அவன் உனக்குச் செஞ்சதா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான்."

அவள் போனைக் கையில் வாங்கினாள். படத்தை விரலால் பெரிதாக்கினாள். அது ஆஷாவின் ஞானஸ்நானத்தன்று எடுத்த படம், அரக்குப் பட்டுப் புடவை. அவள் மடியில் ஆஷா, பக்கத்தில் அவன். ஃப்ளெக்ஸ் கடைக்காரன் அவனையும் வெட்டியிருந்தான், குழந்தையையும் வெட்டியிருந்தான். ஆனால் அவள் தோள் மேல் புடவையைப் பிடித்தபடி நாலு குட்டி விரல்கள் மட்டும் அப்படியே தங்கிவிட்டன. அது என் கண்ணில் படவில்லை. பெற்றவள் கண்ணில் பட்டது.

"இது ஆஷா கை" என்றாள். அவள் குரல் மாறிவிட்டது. "என்னைக் கொன்னது போவட்டும்க்கா. கொழந்தயே இல்லன்னு சொல்லி எம்பொண்ணைப் பொறக்கவே இல்லாம பண்ணிட்டானே! இந்தக் கல்யாணம் நடந்துச்சின்னா நாங்க ரெண்டு பேரும் இல்லவே இல்லன்னு ஆயிடும். நடக்க வுட மாட்டேன்."

உப்புமா அடி பிடித்துப் புகைந்தது. அவள் வேலையில் அப்படி நடந்தது அன்று ஒரு நாள்தான். பெண்கள் முகம் சுளித்தபடி சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார்கள்.

"ஸ்டேஷன்ல போய்க் கம்ப்ளெயின்ட் குடுப்போம் வா" என்றேன். எனக்கு அவனை லாக்கப்பில் ஜட்டியோடு பார்க்க வேண்டும்.

"ஸ்டேஷனுக்கு அப்புறம் போலாம். ஊரைக் கூட்டித்தான் நான் செத்துட்டேன்னு சொன்னான். அதே ஊருக்கு முன்னாடிதான் நான் கேக்கணும். எம் பூசைக்கு நானே போவலன்னா எப்பிடி?" அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், "அந்தப் பொண்ணு ரூபினிக்கும் ரெண்டு காது கீதுக்கா."

ஆஷாவுக்குத் தெரிய வேண்டாம் என்றாள். நடக்கிற காரியமா? சாயங்காலமே அந்தப் பெண் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டது, நானும் படத்தைக் காட்டிவிட்டேன். ஆஷா அழவில்லை. "நானும் வரேன்" என்றாள்.

"உனக்கு வாணாம்மா அந்த அசிங்கம். நானும் அக்காவும் பாத்துக்கறோம்."

"அங்க தொங்கறது என் கைம்மா. எனக்கு இல்லாம யாருக்கு?"

ஜோசபின் எழுந்து போனாள். பெட்டியின் அடியிலிருந்து அந்த அரக்குப் பட்டை எடுத்தாள். ரவிக்கை இறுக்கிப் பிடித்தது, சனிக்கிழமை மத்தியானம் நான் உட்கார்ந்து தையலைப் பிரித்துவிட்டேன். சுவரில் மாட்டியிருந்த ஞானஸ்நானப் படத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு கழற்றி, துண்டில் சுற்றி ஆஷா தன் பையில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறினோம். கண்டக்டர் "எல்லிகே?" என்று கன்னடத்தில் கேட்டான்.

"சந்தாபுரா" என்றாள் ஜோசபின். "நன்ன திதிகே."

என் திதிக்குப் போகிறேன் என்று பட்டுப் புடவையும் பூவுமாக ஒரு பொம்பளை சொன்னால் அவன் என்ன செய்வான்? டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போனவன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஓசூர் ரோடு முழுக்க நானும் ஆஷாவும் சிரித்துக்கொண்டே போனோம்.

சர்ச்சில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். பெண்கள் எல்லாரும் முக்காடு. ஜோசபினும் முந்தானையை நெற்றிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, வலது காதுக்கு ஸ்பீக்கர் வருகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். எனக்குச் சர்ச் வழக்கம் எதுவும் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்தால் எழுந்தேன், மண்டி போட்டால் போட்டேன். பீடத்துக்குக் கீழே ஒரு நாற்காலியில் ஜோசபினின் படம், அதே ஃப்ளெக்ஸ் படம், ரோஜா மாலையோடு இருந்தது.

ஃபிராங்க்ளின் மைக் முன்னால் வந்தான். முன் மண்டை வழுக்கை, வெள்ளைச் சட்டை, கண்ணில் தயாராக ஈரம். குரல் மட்டும் அதே வெண்கலம். அவன் வாசிக்க வாசிக்க முன் வரிசையில் ஒரு பெண் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டது. பக்கத்திலிருந்தவர் அதன் தோளைத் தட்டிக்கொடுத்தார். கில்பர்ட்டும் ரூபினியும்தான் என்று பார்த்தவுடன் தெரிந்தது. ரூபினி ஆஷாவை விட நாலைந்து வயதுதான் மூத்தவளாக இருப்பாள். எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு ஃபாதர், சின்ன வயதுக்காரர், "இறந்துபோன நம் சகோதரி ஜோசபினின் ஆன்மா இளைப்பாற மன்றாடுவோம்" என்றார். சர்ச்சே ஒரே குரலில், எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றது. எல்லாருக்கும் மேலே கேட்டது ஜோசபினின் குரல். நான் அவள் இடுப்பில் இடித்தேன்.

"எனக்குத்தானேக்கா கேக்கறாங்க. நானும் ஒரு வார்த்த சேத்துக் கேட்டுக்கறேன்."

"எழுந்து போய்ச் சட்டையைப் புடிடி, எவ்ளோ நேரம்?"

"பூசை முடியட்டும். அது ஆண்டவரு நேரம். அதுக்கப்புறம் என் நேரம்."

பூசை முடிந்தது. ஜனங்கள் வரிசையாகப் போய்ப் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிவைத்தார்கள். ஃபிராங்க்ளின் பக்கத்தில் கை கூப்பி நின்று ஒவ்வொருவரிடமும் துக்கம் வாங்கிக்கொண்டிருந்தான். ஜோசபின் ஒரு மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஆஷா, அப்புறம் நான். அவள் அவசரப்படவில்லை. தன் முறை வந்ததும் மெழுகுவத்தியை ஏற்றினாள், தன் படத்துக்கு முன்னால் வைத்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள். அவன் குனிந்த தலையோடு "ரொம்ப நன்றிங்க" என்றான்.

அவள் முக்காட்டை எடுத்தாள்.

"படம் நல்லா கீது, ஃபிராங்க்ளின். புடவையும் அதேதான் கட்டியாந்துக்கிறேன். சரியா கீதா பாத்துச் சொல்லு."

அவன் நிமிர்ந்தான். பின்னால் யாரோ "ஐயோ மாதாவே" என்று அலறினாள். ஒருத்தி படத்தைப் பார்த்தாள், ஜோசபினைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். அந்தப் படுபாவிக்கு அப்போதும் மூளை வேலை செய்ததைச் சொல்ல வேண்டும்.

"ஃபாதர், இது... இது ஜோசபினோட தங்கச்சி. கொஞ்சம் மூளை சரியில்லாதவ. எங்கேந்தோ கெளம்பி வந்துட்டா." அந்தக் குரலில் பாசம் வழிந்தது. "வாம்மா, வெளிய போலாம்."

கையைப் பிடிக்க வந்தான். நான் குறுக்கே நின்றேன். "தொட்டியோ, கையை ஒடிச்சுக் கையிலயே குடுத்துடுவேன். என்னைத் தெரியுதா? அடுகோடி சந்திரம்மா. கதவை இடிச்சவ."

ஜோசபின் என்னை நகர்த்திவிட்டு ஃபாதரைப் பார்த்தாள். "ஃபாதர், நான் தங்கச்சியாவே இருந்துட்டுப் போறேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. செத்துப்போன அந்தம்மா தோள் மேல நாலு விரல் கீதே, அது யாரோடது?"

ஜனம் மொத்தமும் படத்தை நோக்கிச் சாய்ந்தது. மாதா மாதம் பார்த்த படம்தான், ஒருவரும் கவனித்ததில்லை. "அட, ஆமா! கொழந்த கை!" என்றது ஒரு குரல். ஆஷா துண்டைப் பிரித்தாள். சட்டம் போட்ட முழுப் படத்தை மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். நடுவில் அம்மா, மடியில் குழந்தை, இந்தப் பக்கம் தலை நிறைய முடியோடு ஃபிராங்க்ளின் சிரித்துக்கொண்டிருந்தான். ஆஷா அம்மாவின் தோளில் அதே இடத்தில் கை வைத்தாள்.

"என் கை. என் பேரு ஆஷா. இவரு எங்கப்பா" என்றாள்.

கில்பர்ட் எழுந்து வந்தார். இரண்டு படத்தையும் பார்த்தார். ஆஷாவின் மூக்கைப் பார்த்தார், ஃபிராங்க்ளின் மூக்கைப் பார்த்தார். "கொழந்தயே கிடையாதுன்னு என் கையைப் புடிச்சிக்கிட்டு அழுதியே, தம்பி" என்றார். ஃபாதருக்கு முகம் வெளுத்துவிட்டது. "வெளிய போய்ப் பேசலாம், தயவுசெய்து" என்றார்.

"ஆமா ஃபாதர், வெளியதான். சாப்பாடும் வெளியதானே போட்டுக்கிறாங்க" என்றாள் ஜோசபின்.

வெளியே ஷாமியானா போட்டு, மேஜை வரிசையில் இலை விரித்திருந்தார்கள், பிரியாணி மணந்தது. ஃபிராங்க்ளின் பைக் நின்ற பக்கம் நழுவப் பார்த்தான். அதற்குள் விஜி என்று ஒரு பொம்பளை கேட்டை இழுத்துச் சாத்திவிட்டு முன்னால் நின்றாள். அவள்தான் அந்தத் தெரு ஜெபக் கூட்டத்துக்குத் தலைவியாம்.

"எங்கய்யா ஓடற? உம் பொண்டாட்டி ஆன்மாவுக்குன்னு மாசா மாசம் ஜெபமாலை சொல்லி எங்க முட்டி தேஞ்சி கெடக்குது. பதில் சொல்லிட்டுப் போ!" அவளோடு இன்னும் ஏழெட்டுப் பெண்கள் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். ஷாமியானாவுக்குத் திரும்புவதைத் தவிர அவனுக்கு வழியில்லை.

ஜோசபின் முதல் வரிசையில் முதல் இலையில் உட்கார்ந்தாள். வேறு யாரும் உட்காரவில்லை. பரிமாறுகிற ஆள் பிரியாணி வாளியோடு தயங்கித் தயங்கி வந்தான்.

"நீ இல்லப்பா" என்றாள். "எம் புருஷன் போடட்டும். சாவப் போறவளுக்கு ஸ்பூன்ல ஊட்டுனவராச்சே. ஊரே சொல்லுது. எனக்குத்தான் அது எப்பிடி இருக்கும்னு தெரியல. இன்னிக்காவது பாத்துக்கறேன்."

ஃபிராங்க்ளின் அசையாமல் நின்றான். அப்போது கூட்டத்திலிருந்து ரூபினி வந்தாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாத பெண். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தது. பரிமாறுகிற ஆளிடமிருந்து வாளியைப் பிடுங்கி ஃபிராங்க்ளினின் கையில் திணித்தாள்.

"போடுங்க" என்றாள்.

அவன் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கரண்டி வாளியில் இடித்துக்கொண்டே இருந்தது. குனிந்து இலையில் சோற்றைப் போட்டான். போடுகிற சாக்கில் வாயை அவள் காதருகே கொண்டுபோய் ஏதோ முணுமுணுத்தான். பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. "கால்ல வுழறேன், இங்க வாணாம். என் மானம் போவுது. வீட்ல பேசிக்கலாம்."

அது அவளுடைய இடது காது. அடித்தவனுக்கு எந்தக் காது என்பதுகூட மறந்துபோயிருந்தது.

ஜோசபின் இலையைப் பார்த்தபடியே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "அந்தக் காதுல பேசாத. சிரிச்சதுக்கு நீ அடிச்சுக் கொன்ன காது அது. செத்தது அது ஒண்ணுதான். இந்தப் பக்கம் வந்து பேசு."

அவன் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தான். அந்த நாலடி நடப்பதற்குள் அவன் கிழவனாகிவிட்ட மாதிரி இருந்தது. பார்க்க எனக்கு இனித்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

"தப்புப் பண்ணிட்டேன்" என்றான். மைக்கில் முழங்குகிற வெண்கலம் எலிக்குஞ்சு மாதிரி கீச்சிட்டது.

"கேக்கல."

"தப்புப் பண்ணிட்டேன், ஜோசபின்."

"இன்னா தப்பு? அதைச் சொல்லு. சர்ச்சுல வாசிக்கற மாதிரி சொல்லு. கடேசில நிக்கறவங்களுக்கும் கேக்கணும்."

அவன் சுற்றிலும் பார்த்தான். கேட்டில் விஜி, எதிரே கில்பர்ட், பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு ரூபினி. ஆஷா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிச்சேன்" என்றான். "காதைச் செவிடாக்கினேன். பாத்ரூம்ல வுழுந்தான்னு டாக்டர்கிட்டப் பொய் சொன்னேன்."

"அப்புறம்?"

"அவங்கம்மாவுக்கு அவ செஞ்சதை, நான் செஞ்சதா சொன்னேன்."

"அப்புறம்?"

"உசுரோட இருக்கறவளைச் செத்துட்டான்னு சொன்னேன். எனக்கு... எனக்குப் பொண்ணு கீது. ஆஷா."

கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோவுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ரூபினி தன் அப்பாவின் கையைப் பிடித்து, "வாங்கப்பா, நாம வீட்டுக்குப் போலாம்" என்றாள். போகிற வழியில் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று சுவரிலிருந்த ஃப்ளெக்ஸின் கயிற்றை அவளே அவிழ்த்தாள். அது அவன் பைக் மேல் சரிந்து விழுந்தது.

ஜோசபின் ஆஷாவை ஒரு பக்கமும் என்னை வலது பக்கமும் இழுத்து உட்காரவைத்தாள். "இவங்களுக்கும் போடு" என்றாள். அவன் போட்டான். பிறகு அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சோற்றைப் பிசைந்து, முதல் வாய் எடுத்துச் சாப்பிட்டாள்.